தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம்

1

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சோறு வைத்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து மதினி கூப்பிட்டார். என் அண்ணன் சவரிமுத்துவின் இரண்டாம் சம்சாரம், பெயர் பாக்கியம். தேவாரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். அங்கிருந்து மதினி பேசினால் போன் எதற்கு என்று தோன்றும். அயர்லாந்துக்கு நேராகவே கேட்கும்.

"ஏ லூர்து, ஆரோன் எப்பிடி இருக்கான்? தலையில முடி மொளச்சிருச்சா?"

"மொளச்சிருச்சு மதினி."

"அருள்கிட்டச் சொல்லி கூடலூர்க் கெழவிக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கச் சொல்லு. அவதான அன்னைக்கே சொன்னா, உள்ள பெருசா ஒன்னு கெடக்குன்னு! பாதிய அவ எடுத்துட்டாளாம். மிச்சத்தத்தான் ஒங்க ஊரு டாக்டருமாரு எடுத்திருக்காக. அங்கன ஜீப்பு ஸ்டாண்டு பூராம் இதே பேச்சாத்தான் இருக்காம்."

"ச்சீ" என்றேன்.

"என்னது?"

"சோறு பொங்குது மதினி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சோறு பொங்கவில்லை. பொங்கியது நான்தான். அடுத்த வாரம் ஆரோனுக்குத் தலையைத் திறந்து ஒரு வருடம் ஆகிறது. அதற்குக் கூடலூர்க் கிழவிக்குச் சேலை.

நாலு பேர் முன்னால் என்னால் பேச முடியாது. நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். படித்ததும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் நம் பக்கத்து ஆட்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2

ஆரோன் என் பேரனா என்றால், ஆமாம், இல்லை. அவன் அப்பா அருள் என் அண்ணன் மகன். அவன் தவழ ஆரம்பிக்கும் முன்பே பெற்றவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கும் கட்டியவர் சீக்கிரமே இல்லாமல் போனார், பிள்ளையும் இல்லை. அண்ணன் மறுபடி கட்டியபோது பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டார். விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுத்து அவனை வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தாய் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்கள். அதுவே எல்லாக் காகிதத்திலும் தொடர்ந்தது. காகிதத்தில் நான் அவனுக்குத் தாய், வாயில் அத்தை. அப்பா கூப்பிடுவதைக் கேட்டு ஆரோனும் என்னை அத்தை என்றே கூப்பிடுகிறான். இங்குள்ள ஆபீஸ்களில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும். கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள்.

அருளுக்குப் பால் ஆலையில் வேலை. அவன் மனைவி ஷீபா போடிக் கடைத்தெருக்காரி, முதியோர் இல்லத்தில் நர்ஸ். இரண்டு பேரும் முறை வைத்து வேலைக்குப் போவார்கள். பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போவது நான். மழை இல்லாத நாள் இங்கே கிடையாது. மழைக்கோட்டை மாட்டி, நடைபாதையில் சுவர் இருக்கிற பக்கமாக அவனை விட்டு, ரோட்டுப் பக்கம் நான் நடப்பேன். அவன் இடது கால் இன்னும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பிடிக்காததைப் பார்த்தால் வாய்க்குள் ச்சீ என்பேன். சண்டை போடத் தெரியாதவளுக்கு அந்த ஒரு சொல்தான் ஆயுதம். நாயை வாயோடு வாய் கொஞ்சுகிறவர்களைப் பார்த்தால் ச்சீ. பஸ் சீட்டில் சேற்றுக்காலை வைத்தால் ச்சீ. ஆரோனும் பேசக் கற்ற காலத்தில் அதைப் பிடித்துக்கொண்டான். பாலில் ஆடை கிடந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம். ஷீபா முறைப்பாள்.

3

அவனுக்கு நாலு வயது நடந்தபோது ஊர்த் திருவிழாவுக்கு எல்லோரும் போனோம்.

போய் இறங்கிய மறுநாள் காலையில் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். ஓங்கரிப்பு இல்லை, வயிற்றைப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தான், பீய்ச்சி அடித்தது போலக் கொட்டினான். மஞ்சள் தண்ணீர். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு இட்லி கேட்டான்.

"தண்ணி ஒத்துக்கல" என்றார் மதினி. கேன் தண்ணீர் வாங்கினார்கள். மறுநாளும் கொட்டினான். "ப்ளேன்ல வந்த அலுப்பு" என்றார் அண்ணன். அதற்கு மறுநாள் திராட்சைத் தோட்டத்தின் மேல் பழி விழுந்தது. "மருந்தடிச்ச பழத்தப் பறிச்சுத் தின்னுருப்பான். பந்தலுக்குள்ளயே பூந்து பூந்து வந்தான்ல." பிறகு சுருளியில் குளித்த குளிர்ச்சி. அதன் பிறகு யாரோ குமுளிக்குப் போகும் மலைப் பாதையைச் சொன்னார்கள். குமுளிக்குப் போய் வந்தது வியாழக்கிழமை. வாந்தி திங்கட்கிழமையிலிருந்து.

நான் அருளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏலே, வயிறு கெட்ட பிள்ளை கக்கின வாயோட இட்லி கேக்குமா?"

"பசிக்குது, கேக்குறான். நீ சும்மா இரு அத்தை."

"ராத்திரி எல்லாம் வயிறு சும்மா கெடக்கு. விடிஞ்சு எந்திரிச்சா மட்டும் கக்குறான். மத்தியானம் கக்கல, சாயங்காலம் கக்கல."

"அதான் சொல்றேன், நல்லாத்தான இருக்கான்!"

சப்பரம் வந்த அன்றைக்கு எடுத்த போட்டோவில் எல்லோரும் நேராக நிற்கிறோம். ஆரோன் மட்டும் தலையை வலது தோள் பக்கம் சாய்த்து நிற்கிறான். எந்தப் போட்டோவை எடுத்தாலும் அப்படியே. மதினி பார்த்துவிட்டு, "உரம் விழுந்துருச்சு. சேலைல போட்டு நாலு உருட்டு உருட்டுனா எடுத்துரும்" என்றார். கைக்குழந்தைக்குக் கழுத்துச் சுளுக்கினால் செய்கிற வேலை அது. ரெட்டைப் பிள்ளை பெற்றவள் உருட்டினால்தான் கேட்குமாம், அப்படி ஒருத்தியைக் கூட்டியும் வந்துவிட்டார். ஷீபா நடுவில் வந்து நின்றுகொண்டாள். அந்த ஒரு காரியத்துக்காக அவளுக்கு என்ன செய்தாலும் தகும். தலைக்குள் அப்படி ஒன்று இருக்கும்போது பிள்ளையை உருட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு டாக்டரிடம் கேட்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

இடது கண்ணும் மூக்குப் பக்கம் ஓட ஆரம்பித்தது. அதற்கு மருந்தே வேண்டாமாம்.

"மாறுகண்ணு அதிர்ஷ்டம்டி ஷீபா! ஒம் மகன் அந்த ஊர்ல ரெண்டு வீடு வாங்குவான் பாரு."

தெருவில் நடந்தால் காலை அகட்டி அகட்டி வைத்தான். சுவரைப் பிடித்தான். சுவர் இல்லாத இடத்தில் விழுந்தான். தெருப்பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். "ஏலே, பாரின் சரக்கு வருதுடா! வழிய விடுங்கடா!" பெரியவர்களும் சிரித்தார்கள். அண்ணன் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். "வழவழன்னு தரையிலயே நடந்து பழகுன பிள்ள. நம்ம மண்ணுல கால் நிக்கல."

பிள்ளை நிற்க முடியாமல் விழுந்தது. மண்ணின் மேல் பழி போட்டுவிட்டு எல்லோரும் காபி குடித்தார்கள்.

4

கூடலூரில் தொக்கம் எடுக்கிற கிழவி இருக்கிறாள். வயிற்றில் சிக்கிக்கொண்ட பழைய சோறு, கறி, முடி, எதுவானாலும் தொண்டையில் வாயை வைத்து உறிஞ்சி எடுத்துக் காட்டுவாள். நம் பக்கம் வாந்தியெடுக்கிற பிள்ளையைத் தொக்கத்துக்குக் கொண்டுபோகாத வீடு உண்டா? காலையில் பூசையில் சாமியார் கையால் நன்மை வாங்கிவிட்டு மத்தியானம் அங்கே போய் வரிசையில் நிற்பார்கள்.

தகரக் கொட்டகை. கிழவி வெற்றிலையைத் துப்பிவிட்டு, அதே வாயைச் செம்புத் தண்ணீரில் ஒரு தடவை கொப்பளித்தாள். கொப்பளித்ததை அங்கேயே ஓரமாக உமிழ்ந்தாள். ஷீபா நர்ஸ். அவள் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். மாமியார் வீட்டில் ஒரு வாரம் சண்டை இல்லாமல் கழிய வேண்டும் என்று வந்தவள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

கிழவி ஆரோனின் தொண்டைக்குழியில் வாயை வைத்து உறிஞ்சினாள். அவன் கையையும் காலையும் உதறினான், அருள் பிடித்துக்கொண்டான். பிறகு தட்டில் துப்பினாள். தேங்காய்ச் சில்லு போல ஒன்று, அதில் சுற்றிய முடி, கொழகொழவென்று வெற்றிலைச் சாறு.

"பாத்தியா ஆத்தா! கறித்துண்டு. எவளோ கண்ணு வச்சிருக்கா. இன்னும் உள்ள பெருசா ஒன்னு கெடக்கு. ரெண்டு தரம் கூட்டிட்டு வரணும்."

ஆரோன் தட்டை எட்டிப் பார்த்தான். தலையைச் சாய்த்தபடியே, ஓடுகிற கண்ணோடு, "ச்சீ!" என்றான். கொட்டகையே சிரித்தது. கிழவியும் சிரித்தாள். அங்கே இருந்தவர்களில் புத்தியுள்ள பேச்சு அந்த ஒன்றுதான்.

திரும்பி வரும் வழியில் என் மடியில் தூங்கி எழுந்து, என் சேலையெல்லாம் கொட்டினான். "வெளிய வரட்டும், மிச்சம் மீதி இருந்தா வரட்டும்" என்று சந்தோஷப்பட்டார் மதினி.

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கும் போனோம். வாந்தி என்று சொன்னதுமே டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தலை ஏன் சாய்கிறது என்று கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தால்தானே தெரியும். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து, "டைபாய்டு லேசா இருக்கு" என்றார். நம் பக்கம் காய்ச்சல் என்று போனவர்களில் டைபாய்டு லேசாக இல்லாதவர் யார்? ஊசி போட்டார்கள். சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் நிம்மதி. பெயர் வைத்துவிட்டால் பாதி குணமானது போல.

5

இங்கே வந்ததும் மறுநாளே வட்டார டாக்டரிடம் போனோம். அருள் வாயைத் திறக்கும் முன்பே அவர் கேட்டது ஒன்றுதான்.

"இந்தியா போயிருந்தீர்களா?"

அருள் தேனிக் காகிதத்தை எடுத்து நீட்டினான். அவ்வளவுதான். டைபாய்டு என்ற எழுத்தைப் பார்த்ததும் அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். இந்தியத் தண்ணீராக இருக்கும் என்றார். ஊரில், அயர்லாந்துத் தண்ணீர் பழகிய பிள்ளைக்கு ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். இங்கே அந்தத் தண்ணீரைக் குடித்து வந்ததால்தான் என்றார்கள். இரண்டு ஊரும் வயிற்றை விட்டு மேலே வரவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தனி அறை. கதவில் மஞ்சள் காகிதம். உள்ளே வருகிறவர்கள் மேலங்கி, கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு வந்து, போகும்போது கழற்றிக் குப்பையில் போட்டார்கள். சாப்பாட்டுத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள் ஒருத்தி. ஆரோனைக் கம்பி வைத்த கட்டிலில் படுக்க வைத்து, கதவுக்கு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது என்றார்கள். மலத்தைச் சின்னச் சின்னப் போத்தலில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். எடுத்தது நான்தான். அது எனக்கு அருவருப்பாக இல்லை. எங்களைப் பார்த்து அவர்கள் மூக்கைச் சுருக்கியதுதான் அருவருப்பாக இருந்தது.

போத்தலில் ஒன்றும் இல்லை என்று வந்தது. இன்னொரு போத்தல் கொடுத்தார்கள்.

"ஷீபா, தலையைப் பாக்கச் சொல்லும்மா."

"அத்தை, ஒவ்வொன்னாத்தான் பார்ப்பாங்க. நம்ம போய் இதைப் பாரு அதைப் பாருன்னு சொல்லக்கூடாது. நானும் இந்த ஊர்ல வேலை பார்க்கணும்ல?" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஒரு நாள் பகலில் அவர்கள் இரண்டு பேரும் குளித்து வர வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன். புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தாள், சின்ன வயசு. முகமூடிக்கு மேலே புள்ளி விழுந்த நெற்றி மட்டும் தெரிந்தது. போனில் ஒரு மொழிபெயர்ப்பு அம்மாவைப் பிடித்துக் கொடுத்தாள். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"வணக்கம் அம்மா. பிள்ளை இண்டைக்கு எத்தினை தரம் சத்தி எடுத்தவர்?"

சத்தி என்றால் வாந்தி என்று பிடிபட்டது, பதில் சொல்ல நாக்குதான் எழும்பவில்லை.

"அம்மா, நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?"

"அத்தை" என்றேன்.

அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தாள். அதில் அப்பாவைப் பெற்றவள் என்று இருக்கிறது. திரும்பக் கேட்டார்கள். நான் அருளின் அம்மா என்றேன், இல்லை அத்தை என்றேன். போனுக்குள் அந்த அம்மா, "பெற்றோர் வந்தாப் பிறகு விவரம் எடுக்கலாம் எண்டு டொக்டர் சொல்லுறா" என்றாள். டாக்டரம்மா எழுந்துவிட்டாள்.

போனால் மறுபடி எப்போது வருவார்களோ. வந்தாலும் வயிற்றைத்தான் அமுக்குவார்கள். பிள்ளை கம்பிக்குள் படுத்திருக்கிறான். இந்த ஆஸ்பத்திரியில் அவன் நடந்து ஒருத்தரும் பார்த்ததில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போனைக் கட்டிலில் வைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். தலையை வலது தோளில் சாய்த்தேன். காலை அகட்டி வைத்து, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். சுவர் முடிந்த இடத்தில் தள்ளாடிப்போய்க் குப்பைத் தொட்டியில் இடித்துக் கீழே உட்கார்ந்தேன்.

எனக்குத்தான் மயக்கம் என்று நினைத்து அவள் ஓடி வந்து பிடித்தாள். நான் கையை உதறிவிட்டு ஆரோனைக் காட்டினேன். எழுந்து திரும்பவும் நடந்தேன். பிறகு தூங்கி எழுவது போல, பின்மண்டையைப் பிடிப்பது போல, கொட்டுவது போல, வாயைத் துடைத்துச் சிரித்துக்கொண்டு இட்லி தின்பது போல, எல்லாம் செய்தேன். கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே எழுந்து கை கழுவப் போகக் கூச்சப்படுகிறவள் நான். முகம் தீயாக எரிந்தது. கட்டிலில் கிடந்த போன் மட்டும், "அம்மா? அம்மா, இருக்கிறியளோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா கட்டில் கம்பியை இறக்கினாள். ஆரோனைத் தூக்கித் தரையில் விட்டாள். அவன் என்னைப் பார்த்து நடந்தான். நான் நடந்தேனே, அப்படியே.

அதன் பிறகு அவள் விளக்கை அவன் கண்ணுக்குள் அடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது வயதான ஒரு டாக்டரும் கூட வந்தார். இரண்டு பேரும் மேலங்கி போடவில்லை, கையுறை இல்லை, முகமூடி இல்லை. கதவைத் திறந்தே போட்டுவிட்டார்கள். எங்கள் வியாதி அவர்களுக்கு ஒட்டாது என்று ஆகிவிட்டது. தலைதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

6

அன்றைக்கே தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டியதை அருள் எனக்குச் சொன்னான். பின்மூளையில் கட்டி. நிற்பதையும் நடப்பதையும் சரிபார்க்கிற இடம் அதுவாம். மூளைக்குள் ஓடுகிற நீரின் வழியை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி பூராவும் படுத்திருப்பதால் உள்ளே அழுத்தம் கூடி, விடிந்ததும் வாந்தி. அழுத்தத்தில் கண் நரம்பு இழுபடுவதால் கண் ஓடுகிறது. தலையைச் சாய்ப்பது, பிள்ளை தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட சௌகரியம். எல்லாம் வெளியே தெரிகிற மாதிரிதான் இருந்திருக்கிறது. வயிற்றில் மட்டும் ஒன்றுமே இல்லை.

தலைநகரத்தில் பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதலில் ஒரு குழாய் வைத்து நீரை வடித்தார்கள். பிறகு திறந்து எடுத்தார்கள். ரொம்பக் கெட்ட ஜாதிக் கட்டி இல்லை, மெதுவாக வளர்கிறது என்றார்கள். ஆனால் ஒரு ஓரம் ஆகாத இடத்தில் ஒட்டியிருப்பதால் அதைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். அது வளர்கிறதா என்று தவணை வைத்துப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

செய்தி ஊருக்குப் போனது. போன் போனாக வந்தது. பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டவர்களை விட, யாரால் வந்தது என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

"வயித்துப்பிள்ளையோட அவ நைட்டு வேலைக்குப் போனாளாமே?"

"போனு, போனு! பச்சப்பிள்ளை கையில போனக் குடுத்தா?"

"வேதக்காரரே ஆனாலும் அவுக சபை வேற, நம்ம சபை வேற. கட்டும்போதே பெரியவுக சொன்னாக."

இதையெல்லாம் சொன்னவர்கள் சப்பரத்துக்குப் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தவர்கள். ஷீபா ஒவ்வொரு போனையும் எடுத்து, "ம், ம்" என்றாள். காரணம் தெரியவில்லை, யார் செய்த தப்பும் இல்லை என்று டாக்டரே அவளை உட்கார வைத்துச் சொன்னார். அதை யாரும் கேட்கத் தயாராக இல்லை.

இங்கிருந்த நம் ஆட்களும் குறைவில்லை. செபிக்க வந்த ஒரு கூட்டம் கட்டுப் போட்ட தலையோடு பிள்ளையைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டது. குணமானதும் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று அருளிடம் கேட்டுக்கொண்டும் போனது. பிள்ளை வாயில் எச்சில் வடிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்க ஒருத்தருக்கும் கை வரவில்லை.

ஊரில் இதைப் படிக்கிற தாய் தகப்பன்மாருக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் வாந்தியெடுப்பது பெரும்பாலும் வயிற்றுக்கோளாறுதான், பயப்பட வேண்டாம். ஆனால் விடிந்ததும் வெறும் வயிற்றில் கொட்டி, பிறகு நன்றாக இருந்து, அதுவே நாள் தவறாமல் நடந்தால் கவனியுங்கள். தலைவலி என்று பிள்ளை சொன்னால், தலை சாய்ந்தால், கண் ஓடினால், நடை தள்ளாடினால், தொக்கத்துக்குப் போகாதீர்கள், உருட்டாதீர்கள், அதிர்ஷ்டம் என்று சிரிக்காதீர்கள். மதுரைக்குக் கூட்டிப்போய், பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு டாக்டர் முன்னால் நடக்க விடுங்கள். தலையைப் பாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

7

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவன் பேசவில்லை. அந்த இடத்தில் கைவைத்தால் சில பிள்ளைகள் கொஞ்ச காலம் வாயடைத்துப் போவார்கள் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தால் மட்டும் தாங்குமா? உட்கார முடியவில்லை. விழுங்கத் தெரியவில்லை. ஒரு மாதிரி ஈனக்குரலில் அழுவான். அதில் அம்மா இல்லை, அப்பா இல்லை, ஒரு சொல்லும் இல்லை.

"ஊமையாக்கிட்டாகளா?" என்று கேட்டார் மதினி. நான் போனை வைத்துவிட்டேன்.

பேச்சும் விழுங்குவதும் பழக்குகிற ஒரு பெண் வருவாள், பெயர் ஓனா. நல்ல பெண். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்களோ அதையே பேசுங்கள் என்றாள். ஷீபாதான் மாட்டேன் என்றாள். இங்கிலீஷ் ஒன்றே போதும், இரண்டு மொழி வைத்துப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம் என்று. அவள் மனசு அப்போது இருந்த நிலையில் நான் எதிர்த்துப் பேசவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே பேசாத ஆள் இரண்டு பேர் ஆனோம்.

ஒரு மத்தியானம் குழாய் இல்லாமல் வாயால் ஊட்டிப் பார்க்கலாம் என்றார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. பச்சைப் பட்டாணியை அவித்து, உப்பு இல்லாமல், கூழாக அரைத்து வைத்திருந்தார்கள். மாடு அசைபோட்டு விட்டது போல இருந்தது. ஓனா ஒரு கரண்டி எடுத்து, "ம்ம்ம்" என்று ருசி காட்டிக்கொண்டு அவன் உதட்டில் வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். ஷீபா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவன் முகம் மெதுவாகச் சுருங்கியது. நாக்கால் அதை வெளியே தள்ளினான். தாடை வழியாக வழிந்தது. என் பக்கம் கண்ணைத் திருப்பினான்.

"ச்...சீ."

ஷீபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அருள் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் கரண்டியோடு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அது வெறும் சத்தமா, இல்லை அர்த்தமுள்ள சொல்லா, குறித்து வைக்க வேண்டும் என்று கேட்டாள்.

"சொல்லுதான்" என்றாள் ஷீபா. "எங்க அத்தையோட சொல்லு."

அப்படியே எழுதிக்கொண்டாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னிடமே கேட்டு, மூக்கைச் சுருக்கி, அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சுமாராக வந்தது.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் எல்லாம் இங்கிலீஷில் வந்தன. இப்போது பள்ளிக்கூடம் போகிறான், அங்கே உள்ள பிள்ளைகள் மாதிரியே பேசுகிறான். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வான். எனக்குப் பாதி புரியாது. மிஞ்சியிருப்பது அத்தை, வா, போ, இப்படிச் சில. பிறகு அது.

அடுத்த வாரம் படம் எடுக்க வேண்டும். விட்டு வைத்த அந்த ஓரம் அப்படியே இருக்கிறதா என்று அதில் தெரியும். அதை நினைத்தால் எனக்கு ரசம் கூட இறங்கவில்லை. இன்று காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது மதினி திரும்பவும் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டினேன்.

"சேலை விசயம் என்னாச்சு? கெழவி கேட்டுக்கிட்டே இருக்கா. கத்தரிப்பூ கலர்ல வேணுமாம்."

ஆரோனுக்கு அந்தப் பேச்சில் எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. கிழவி என்ற சொல்லா, மதினியின் குரலா, எதுவோ ஒன்று பட்டிருக்கிறது. தலையை நேராக நிமிர்த்தி, போனைப் பார்த்து மூக்கைச் சுருக்கினான்.

"ச்சீ!"

"யாரு அது? என்ன சொல்றான்?"

நான் இந்தத் தடவை சோறு பொங்குகிறது என்று சொல்லவில்லை. போனை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"ஒங்க அப்பத்தாவுக்குக் காது கேக்கலையாம்டா. இன்னும் சத்தமாச் சொல்லு."